கத்திரி வெயிலில் ஒரு தங்கமீன் தொட்டி: அம்பத்தூர் வீட்டில் நடந்தது

சென்னை அம்பத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், கத்திரி தொடங்கிய நான்காம் நாள் ஒரு வீட்டுத் தொட்டியில் மீன்கள் சாகத் தொடங்கின. நான் தரைத்தளத்தில் இருக்கிறேன், பல வருஷமாக மீன் வளர்க்கிறேன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மாதம் முழுக்கக் குறித்து வைத்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர்களுக்கு இதை எழுதச் சம்மதம், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

வீடு மூன்றாவது மாடியில். தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. ஓய்வுபெற்ற பெரியவர், அவர் மனைவி, கோடை விடுமுறைக்கு வந்திருந்த பதின்மூன்று வயதுப் பேரன். தொட்டி ஹாலில், மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. அதே சுவரில் இரண்டடி தள்ளி ஒரு ஜன்னல்.

மூன்றடி நீளத் தொட்டி. மணல், கல் எல்லாம் போக சுமார் 125 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே பிளாஸ்டிக் மூடி, அதற்குள்ளேயே விளக்கும் டாப் ஃபில்டரும். தனியாக ஒரு சின்ன ஏர் பம்ப், ஒரு ஏர் ஸ்டோன். மீன்கள் ஐந்து: ஒராண்டா ரகத் தங்கமீன் இரண்டு, சாதாரணத் தங்கமீன் இரண்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொளத்தூரில் விரல் நீளத்தில் வாங்கியவை, இப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன.

தங்கமீன் குளிர் நீர் மீன். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். சென்னையில் வளரும் தங்கமீன்கள் 28, 29 டிகிரிக்கெல்லாம் பழகித்தான் இருக்கின்றன, ஆனால் அதற்கு மேல் போனால் தாங்கும் தெம்பு அதிகம் கிடையாது. சதை கொழுத்த தலையும் குட்டை உடம்பும் உள்ள ஒராண்டாவுக்கு இன்னும் குறைவு. கடையில் இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மே 4 முதல் 6 வரை: விடியற்காலை அறிகுறி

பெரியவர் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பவர். மே 4 முதலே, அவர் ஹால் விளக்கைப் போடும்போது நான்கு தங்கமீன்களும் நீர்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து ஒரு பிடி தீனி போட்டிருக்கிறார். மூன்று நாளும் இதே கதை. சக்கர் மட்டும் வழக்கம்போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கர் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றின் வழியே உயிர்வளி (ஆக்சிஜன்) எடுத்துக்கொள்ளக்கூடியது. அது நிம்மதியாக இருந்து மற்றவை தவித்ததே தண்ணீரில் உயிர்வளி குறைகிறது என்பதற்கான அறிகுறி. அப்போது அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானி 32 காட்டியிருக்கிறது. அந்தப் பட்டை அறையின் சூட்டையும் சேர்த்தே காட்டும், அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மே 7: இரண்டு அதிர்ச்சிகள்

தண்ணீர் சூடாக இருக்கிறது, மாற்றினால் மீனுக்கு இதமாக இருக்கும் என்று மதியம் இரண்டேகாலுக்குப் பெரியவர் மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். அந்தக் குழாய் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவது. மறுநாள் அதே நேரத்தில் அதே குழாயில் நான் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன்: 40 டிகிரி. தொட்டி நீர் அப்போது 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மிச்சமிருந்த 85 லிட்டரோடு 40 டிகிரித் தண்ணீர் 40 லிட்டர் சேர்ந்தால் தொட்டி சுமார் 34.5 ஆகும். குளிர வைக்கப் போய், சில நிமிஷத்தில் இரண்டரை டிகிரி ஏற்றிவிட்டார்.

மூன்று மணிக்குச் சிவப்பு ஒராண்டா பக்கவாட்டில் சாய்ந்தது. பேரன் பயந்துபோய், குடிப்பதற்காக உறைய வைத்திருந்த மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களைத் தொட்டிக்குள் போட்டான். போதவில்லை என்று ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளையும் கொட்டினான். சீக்கிரத்திலேயே மூன்று டிகிரிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். நாலரைக்கு அந்த ஒராண்டா செத்துவிட்டது. ஐந்து மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, கொஞ்சம் மேல வர்றீங்களா? ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் சரியில்ல."

நான் போனபோது தொட்டியின் சூடு 31.1. பாட்டில்கள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. வெள்ளை ஒராண்டா ஒரு பாட்டிலுக்குக் கீழே அசையாமல் நின்றது, செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடித்து வைத்திருந்தது.

பரிசோதனைப் பெட்டியில் பார்த்ததில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மை) 8. சூடும் பி.எச்.சும் ஏற ஏற அமோனியாவில் விஷமான பங்கு கூடும். பி.எச். 8 உள்ள நீரில் 25 டிகிரியில் அந்தப் பங்கு நூற்றுக்கு ஐந்து சொச்சம்; 34 டிகிரியில் ஒன்பதைத் தாண்டும். ஏப்ரலில் இதே அமோனியாவை இந்த மீன்கள் ஓரளவு சமாளித்திருக்கும்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஐஸை எடுத்துவிடுவது. பையனுக்கு இது புரியவில்லை. "அங்கிள், ஐஸ் எடுத்தா திரும்பச் சூடாயிடுமே?" என்றான். ஆகும்தான். ஆனால் ஐஸ் உருகி முடிந்ததும் சூடு மறுபடி ஏறும், மறுபடி ஐஸ் போட வேண்டிவரும், மீன் ஒரே நாளில் நாலைந்து டிகிரி மேலும் கீழுமாக அல்லாடும். நிலையாக 31 டிகிரியில் இருப்பது அதைவிடத் தேவலை.

இரண்டாவது, காற்று. 25 டிகிரி நீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் சொச்சம் உயிர்வளியைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 34 டிகிரியில் அது ஏழுதான். இது பெரிய வீழ்ச்சி இல்லை. ஆனால் அதே ஒன்பது டிகிரி ஏற்றத்தில் மீனின் உயிர்வளித் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தொட்டியில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாவின் தேவையும் அப்படியே. வரவு கொஞ்சம் குறைந்து செலவு இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? வெயில் காலத்தில் மீன் பெரும்பாலும் மூச்சுமுட்டித்தான் சாகிறது என்பது என் அனுபவம். அதனால் மூடியைக் கழற்றி விளக்கின் ப்ளக்கைப் பிடுங்கினேன், ஃபில்டரை மட்டும் தொட்டியின் மேலேயே வைத்து ஓடவிட்டேன். என் வீட்டிலிருந்து இன்னொரு ஏர் ஸ்டோன் கொண்டுவந்து போட்டேன்.

மூன்றாவது, டேபிள் ஃபேனை ஒரு ஸ்டூலில் வைத்து, நீர்ப்பரப்பைச் சாய்வாகத் தடவிப் போகும்படி திருப்பினேன். மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ அதே வேலைதான் இது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிலோ ஐஸ் உருகி 30 டிகிரி நீராக மாறினாலும் 110தான். அதாவது நாள் முழுக்க மெதுவாக ஆவியாகும் ஒரு லிட்டர், ஐந்து கிலோ ஐஸின் வேலையை மீனுக்குத் தெரியாமல் செய்துவிடும்.

தீனி இரண்டு நாளைக்கு நிறுத்தம். தண்ணீர் மாற்றுவது மறுநாள் காலைக்குத் தள்ளிவைப்பு. அமோனியா இருக்கும்போது தள்ளிப்போடுவது சங்கடம்தான், ஆனால் குழாயில் இரவு ஒன்பது மணிக்குக்கூட 36 டிகிரிதான் வந்தது. மூன்று பக்கெட்டில் பிடித்து, சமையலறைத் தரையில் வாய் திறந்தபடி வைக்கச் சொன்னேன். போர் தண்ணீர் என்பதால் குளோரின் பயம் இல்லை.

இரவு எட்டரைக்கு மறுபடி அளந்தேன்: 32.6. வெயில் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உச்சம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இருட்டிய பிறகு அதைக் கீழே இறக்குகிறது. கையைத் தூக்கி உள்கூரையைத் தொட்டால் சுட்டது.

மே 8, விடியற்காலை: என் தவறு

வெள்ளை ஒராண்டா காலை ஐந்தரைக்கு அடியில் கிடந்தது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீர் 29.4. சூட்டில் பிரச்சினை இல்லை. ஆனால் ஃபில்டரும் ஏர் பம்பும் நின்றிருந்தன. மின்சாரம் போனதா என்று கேட்டேன். இல்லை. பெரியவரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து சொன்னார்: "நான்தாம்பா அணைச்சேன். தினமும் பத்தரைக்கு அணைச்சிடுவேன். அந்தச் சத்தத்துல இவருக்குத் தூக்கம் வராது."

விளக்கு, ஃபில்டர், பம்ப் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே ஸ்விட்சில். இரண்டு வருஷமாக இரவு ஏழு மணி நேரம் அந்தத் தொட்டி காற்றில்லாமல் இருந்திருக்கிறது. குளிர் மாதங்களில் அது தெரியவில்லை. கோடையில் தெரிந்துவிட்டது. மீன் விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாய் பிளந்தது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. இரவெல்லாம் பம்ப் நின்ற தண்ணீரில் உயிர்வளி விடிவதற்கு முன்தான் மிகக் குறைவு. அமோனியாவுக்கும் இதே விடைதான்: அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் வாழ்பவை, ஓட்டம் நின்றால் அவையும் மூச்சுமுட்டும்.

அந்த அம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை. இரவு முழுக்க ஓட வேண்டும் என்று நான் பெரியவரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. ஓடும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ராத்திரி பம்ப் ஓடுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மீன் பிழைத்திருக்கலாம். அமோனியாவும் முந்தின நாள் அதிர்ச்சியும் சேர்ந்த பலவீனம் அதற்கு இருந்தது, அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் என் மனசில் அது இன்னும் நிற்கிறது.

சத்தத்துக்கு வழி பண்ணினோம். பம்ப் மர ஸ்டாண்டின் மேல் நேராக உட்கார்ந்து, ஸ்டாண்டையும் சேர்த்து அதிர வைத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு துணிக்கயிற்றில் கட்டி, நீர்மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டோம். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. மேலே தொங்குவதால் கரண்ட் போனாலும் குழாய் வழியே தண்ணீர் பம்புக்குள் இறங்காது.

மே 8 முதல் 13 வரை

பக்கெட்டில் இரவெல்லாம் ஆறிய நீர் காலையில் 29 டிகிரி இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு 20 லிட்டர் மட்டும் மாற்றினோம். ஐந்து நாளில் அமோனியா 0.25க்கு இறங்கியது.

டேபிள் ஃபேனை எடுத்துவிட்டு, 12 வோல்ட்டில் ஓடும் இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன்களை ஒரு மர ரீப்பரில் பொருத்தித் தொட்டியின் விளிம்பில் சாய்வாக வைத்தோம். தண்ணீருக்கு மேலே 230 வோல்ட் ஃபேன் இருப்பது எனக்கு உடன்பாடில்லை, அதுவும் பையன் கைவிடும் இடத்தில். மூடிக்குப் பதில் கொசுவலை. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும், அப்புறம் சூடு அறைக்குள்தான் நிற்கும்.

வேறு யோசனைகளும் வந்தன. ஏசி உள்ள படுக்கையறைக்குத் தொட்டியை மாற்றலாமா என்றார் பெரியவர். ஏசி இரவில் மட்டும்தான் ஓடும். இரவு 25, பகல் 33 என்று ஊசலாடுவது ஐஸ் பாட்டிலின் நீண்ட வடிவம்தான். தவிர, நீர் நிறைந்த தொட்டியை நகர்த்தினால் ஒட்டுப் பசை விட்டுப்போகலாம். தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரம் வாங்கலாமா என்றால், அதன் விலை இந்தத் தொட்டியைப் போலப் பல தொட்டிக்குச் சமம். அது நீரிலிருந்து எடுக்கும் சூட்டை அதே ஹாலில்தான் கொட்டும். வெட்டிவேர் தட்டி நனைத்துக் கட்டலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு வெட்டிவேர் தட்டி ரொம்பப் பிடிக்கும், மனிதருக்கு அது அருமை. ஆனால் அது அறையின் ஈரப்பதத்தைக் கூட்டும், அப்போது தொட்டியின் ஆவியாதல் குறையும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பதால் வேண்டாம் என்றேன்.

பேரன் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் மூன்று வேளையும் சூட்டை எழுதி, கிளிப்பில் கோத்து வைத்தான். அந்த வாரம் காலை 28ஐ ஒட்டியும், மதியம் இரண்டு மணிக்கு 29.4 வரையும், இரவு எட்டரைக்கு 30.6 வரையும் போனது. மீன்கள் மேலே வந்து நிற்பது 10ஆம் தேதியோடு நின்றது.

மே 14 இரவு: மின்வெட்டு

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேனும் விளக்கும் மட்டும்தான் இணைப்பு, தொட்டி போர்டு கிடையாது. பெரியவர் என்னை எழுப்பவில்லை. காலையில் அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பித்தளைச் சொம்பால் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தாராம். பேரன் டார்ச் பிடித்தான். கை வலித்தபோது மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பத்துக்குக் கரண்ட் வரும்வரை நிறுத்தவில்லை.

காலையில் மூன்று மீனும் நன்றாகவே இருந்தன. விழும் நீர் பரப்பைக் கலைத்துக் காற்றைக் கரைக்கிறது, அவ்வளவுதான் தேவை. அந்த இரண்டரை மணி நேரத்தில் சூடு அரை டிகிரிகூட ஏறவில்லை என்பதையும் பையன் எழுதி வைத்திருந்தான். தண்ணீர் நிறைய இருந்தால் மெதுவாகத்தான் சூடாகும். உயிர்வளி அப்படிக் காத்திருக்காது. அந்த வாரமே பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வாங்கினார்கள். எலக்ட்ரீஷியனை வைத்துத் தொட்டியின் இணைப்பையும் இன்வெர்ட்டருக்கு மாற்றினார்கள்.

மே 15 முதல் மாதக் கடைசி வரை

அடுத்த சில நாள் கடல்காற்று சீக்கிரம் உள்ளே வந்தது. மனிதருக்கு இதம், வேர்வை மட்டும் அதிகம். தொட்டிக்கு அது கெட்ட செய்தி: காற்றில் ஈரம் கூடியதால் ஃபேனின் பலன் குறைந்து, இரவு உச்சம் 31.5க்குப் போனது. வெயில் தணிந்த நாளில் தொட்டி சூடானது வீட்டாருக்கு ஆச்சரியமாக இருந்தது. உலர் வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும் முறை, புழுக்கத்தில் தளர்ந்துவிடும். ஈரோட்டிலோ வேலூரிலோ இதே ஃபேன் சென்னையைவிட நன்றாகக் குளிர வைக்கும்.

18ஆம் தேதி சங்கத்தின் அனுமதியோடு ஹாலுக்கு மேலான மொட்டை மாடிப் பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு கோட். அதன் பிறகு இரவு உச்சம் 30க்குக் கீழே வந்தது. அதே வாரத்தில் ஒரு மாலை மழையும் பெய்ததால் முழுப் புகழையும் சுண்ணாம்புக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் உள்கூரை தொட்டால் சுடுவது நின்றது, அது மழை காய்ந்த பிறகும் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு பிழை வெளிப்பட்டது. தினமும் மூன்று லிட்டர் போல ஆவியாகிக்கொண்டிருந்தது, அதைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தோம். ஆவியாவது வெறும் நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) பார்த்தால் 900லிருந்து 1,200க்கு ஏறியிருந்தது. இதையும் நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீர், வாராந்திர மாற்றத்துக்கு மட்டும் போர் நீர் என்று பிரித்துக்கொண்டோம். 20ஆம் தேதி அமோனியா பூஜ்யம்.

அடுத்த கோடைக்கு மாற்றுவது

பிப்ரவரிக் கடைசியிலேயே மூடியைக் கழற்றி ஃபேனைப் பொருத்திவிடுவது, சுண்ணாம்பு மார்ச்சில். கத்திரி வந்த பிறகு ஆரம்பித்தால் மீன் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். வெப்ப உணரி வைத்த ஸ்விட்ச் ஒன்றை ஃபேனுக்குப் போட்டு, 28க்குக் கீழே போனால் தானாக நிற்கும்படி செய்வது. கோடை முழுக்கத் தீனி ஒரே வேளை. மதியம் குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவதே இல்லை.

மீன் தேர்வு பற்றி எனக்கும் பெரியவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நேராக மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டுக்குக் கௌராமி மாதிரி, மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்கும், 28 டிகிரியில் சுகமாக இருக்கும் மீன்தான் பொருத்தம் என்பது என் கட்சி. இனி ஒராண்டா வாங்குவதில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மிச்சமுள்ள இரண்டு தங்கமீன்களை யாருக்கும் கொடுக்க மாட்டேன், அவை இருக்கும்வரை வேறு மீன் வேண்டாம் என்கிறார். இரண்டும் சக்கரும் நன்றாக இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் போர்டில் இப்போது விளக்குக்குத் தனி ஸ்விட்ச். மற்ற இரண்டின் மேலும் அந்த அம்மா தன் கையெழுத்தில் 'அணைக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.